உள்ளே போய் வந்த பந்து

மூன்று மேசைகளைக் கவிழ்த்து
வேனின் கூரையில் கட்டியிருந்தோம்.
பன்னிரண்டு கால்களும் வானத்தைப் பார்த்து.
ஹில்லாகொஞ்சி எல்லையில் சுங்க அதிகாரி
தடியால் தட்டிக் கேட்டார்:
மரச்சாமானா, பொம்மையா?
விளையாட்டுக் கருவி என்றேன்.
அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை.
இறக்கச் சொன்னார்.
இறக்கியதும் ஒரு ஆட்டம் ஆடினார்.
எதிரே எங்கள் கொத்தோனூ ஆள் செஜ்ரோ.
தோற்றுப்போடா என்று நான் கண்ணைக் காட்டியும்
பத்துக்கு இரண்டில் முடித்துவிட்டான்.
மரச்சாமானுக்குரிய வரியைக் கட்டி
லோமேக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது.

எனக்குப் பிழைப்பு செல்பேசிப் பணக் கடை.
கணக்கு நோட்டின் இடப்பக்கம்
யார் எவ்வளவு அனுப்பினார்கள்.
வலப்பக்கம் சுற்றின் புள்ளிகள்.
போன வருஷம் இரண்டு ஊர், பதினாலு பேர்.
இந்த வருஷம் நாலு நாடு, அறுபத்தொரு பேர்.
வாகடூகூக்காரர்கள் இரவு பஸ்ஸில்
பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள்,
எங்கள் பந்தை நம்பாமல்.

உலகத் தரவரிசை என்று ஒன்று இருக்கிறது.
அங்கே போய் ஆடினால்தான் புள்ளி.
புள்ளி இருந்தால்தான் அழைப்பு.
அழைப்பு இருந்தால்தான் விசா.
விசா இருந்தால்தான்
அங்கே போய் ஆட.

அதனால்தான் இந்த நோட்டு.

அஃபிவாவின் பியர்க் கடைப் பின்கட்டில்
விதிகளைப் பேச உட்கார்ந்தோம்.
கம்பியைச் சுழற்றக் கூடாது, சரி.
நடுவரிசையிலிருந்து அடித்தால் கோல்தான்:
இதற்கு ஒரு மணி நேரம், இரண்டு உடைந்த கோப்பை.
தக்கைப் பந்தா பிளாஸ்டிக்கா?
எந்த ஊரோ அந்த ஊர்ப் பந்து.
வாகடூகூக்காரர்கள் முகம் தொங்கியது.
பிறகு அது வந்தது.
கோலுக்குள் போய்
பின்தகட்டில் மோதி
திரும்ப மைதானத்துக்கே தெறிக்கும் பந்து.

கொத்தோனூவில் அது கோல் இல்லை.
லோமேயில் ஒன்று.
நியாமேயில் நடுவில் வைத்து மறுபடி ஆடுவார்களாம்.
வாகடூகூவில்? என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருப்போம்
என்றாள் தெகாவெந்தே.

ஆளாளுக்குக் கத்தினார்கள்.
எதெம் மட்டும் கத்தவில்லை.

போன அக்டோபரில் ஹாம்பர்க் போட்டிக்குப் போனவன் எதெம்.
விசா இருந்தது. அழைப்புக் கடிதம் இருந்தது.
பையில் கைப்பிடி ரப்பர், கம்பிக்கு எண்ணெய்,
துடைக்க ஒரு பழைய பனியன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர்
மேசைக் கால்பந்தா என்று இரண்டு முறை கேட்டாராம்.
அடுத்த விமானத்திலேயே திரும்பிவிட்டான்.
வெளியே மழை பெய்ததா என்றுகூட
அவனுக்குத் தெரியாது.
முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
'வரவில்லை' என்று போட்டிருந்தார்கள்.

கத்தல் ஓயக் காத்திருந்து கேட்டான்:
பந்து உள்ளே போனதா, போகவில்லையா?
அதை மட்டும் சொல்லுங்கள்.

நியாமேயின் முன்கய்லா
காலிக் கோப்பையை மறுபடி குடித்தார்.
நான் வலப்பக்கத்தில் எழுதினேன்:
விதி ஏழு. உள்ளே போனால் போனதுதான்.

மறுநாள் இறுதி ஆட்டம்.
ஒன்பதுக்கு ஒன்பது.
எதெம் அடித்தது எனக்குத் தெரியவில்லை,
சத்தம்தான் கேட்டது, தகரத்தில் 'டங்'கென்று.
பந்து வெளியே உருண்டு வந்தது.
அதே மூச்சில் செஜ்ரோ அதை
எதிர்க்கோலில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான்.
ஐம்பது அறுபது பேர்
என் பேனாவைப் பார்த்தார்கள்.

என் ஊர். என் வேன்.
பெட்ரோலுக்குப் பாதிக் காசு செஜ்ரோவுடையது.

எதெம் என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான் செஜ்ரோ,
ஒரு வார்த்தை இல்லை.
எல்லையில் அதே அதிகாரி, அதே தடி.
கூரையை அண்ணாந்து பார்த்து
யார் ஜெயித்தது என்றார்.
எங்கள் ஆள் இல்லை என்றேன்.
படிவத்தை எடுக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி வேனின் மூக்கில் வைத்தார்.
இறக்குங்கள், என்றார்.
அந்தப் பையனையே நிற்கச் சொல்லுங்கள்.