பதினோராம் கேள்வி

காலையில் கலந்தது கறுப்பாய் வந்தது.
நல்ல கறுப்பு, ஆறிப்போன கோப்பி-ஓ மாதிரி.
புட்டியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
அந்தப் பக்கம் மெல்லச் சாயும்.

துகள் ஒன்று பன்னிரண்டு நானோமீட்டர்.
இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள்.
இந்த இரும்பை ஈயின் ஒற்றைக் காலில்
கோடிக்கணக்கில் ஒட்டலாம்,
ஈக்குத் தெரியாது.

இரும்பின்மேல் ஒரு சர்க்கரைத் தோல்,
தோலில் ஒரு கொக்கி,
கொக்கியில் காலியம்:
அறுபத்தெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை
தன்னில் பாதியைத் தொலைக்கிற அவசரக்காரன்.

ஒரே ஊசி, இரண்டு படம்.
ஒன்றில் ஈரல் எரியும், மற்றதில் இருளும்.
நலமான இடமெல்லாம் இரும்பைத் தின்று கறுத்துப்போக
தின்ன மறுத்த மூலை மட்டும்
வெள்ளையாய் நிற்கும்.
வெள்ளைதான் நோய்.
இதை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்,
ஒருத்தரும் நம்பியதில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் திரு. செவத்தியான் வந்தார்.
பிறையில், கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருடம் கிரைண்டர் பிடித்தவர்.
மோதிரத்தைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார்,
கழுத்திலிருந்த புனித அன்னாள் பதக்கத்தை
முத்தமிட்டுத் தட்டில் வைத்தார்.
படிவத்தில் பதினோராம் கேள்வி:
கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா?
இல்லை என்ற கட்டத்தில் அழுத்தமான கோடு.

கதவருகில் அஸிக்கின் மறுபடி கேட்டாள்,
அவள் வழக்கம் அது.
"தொண்ணூத்தி நாலுல ஒரு பொறி விழுந்துச்சு.
தண்ணிய ஊத்திக் கழுவிட்டேன்.
அதெல்லாம் ஒரு கணக்கா?"

எக்ஸ்ரேயில் கணக்கு இருந்தது.
வலது விழிக்குள், கீழ்ப்பக்கம்,
எள்ளில் பாதி.

அந்த அறையின் காந்தத்துக்குப் பழையது புதியது தெரியாது.
கழுவிவிட்டேன் என்று அவர் நினைத்ததை
விழியைக் கிழித்தாவது கேட்டு வாங்கும்.
டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

செவத்தியான் சிரித்தார்.
"இரும்பு ஏத்தத்தானே கூப்பிட்டீங்க.
இருக்குதுன்னா வேணாங்கிறீங்க."

எனக்குப் பதில் தெரியும்.
அளவு, நிறை, தோலின் தடிமன்,
எது ஓடும், எது புரளும்,
எல்லாம் ஆய்வேட்டில் நானே எழுதியது.
பதக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.
கார் நிறுத்திய சீட்டுக்கு எங்கே முத்திரை குத்துவார்கள்
என்று கேட்டார்.
அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வேறு மருந்து,
வேறு இயந்திரம், ஒரே ஒரு படம்.

அவர் பாலத்தில் ஏறியிருப்பார்,
ஈயப் பெட்டிக்குள் காலியம் பாதியானது.
பிறையில் இறங்கி, கடையில் உட்கார்ந்து,
மீன்கறி ஊற்றிச் சாப்பிட்டு முடிக்க
மீதியிலும் பாதி.
மெல்ல மெல்லத் துத்தநாகம்.
யாருக்கும் எரியாமல், எதையும் காட்டாமல்.

கொட்டுவதற்கும் படிவம் உண்டு.
அளவு எழுதினேன். நேரம் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'இரும்பு' என்று எழுதி,
அடித்து, பக்கத்தில்
'நோயாளி தகுதி பெறவில்லை' என்று எழுதினேன்.
அடித்ததுதான் தெளிவாய்த் தெரிந்தது.
அஸிக்கின் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.
சாப்பாட்டு நேரம்.