பெட்டி இருந்த பக்கம்

ஹெலெனாவில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை.
உரிம வாரியத்தின் விசாரணை அறை.
நான் சுருக்கெழுத்துக்காரி,
வாயிலிருந்து வருவதை மட்டும் பதிவேன்.

தொட்டாரா?
இல்லை.
கடன் கேட்டாரா?
இல்லை. மணிக்கு நூற்றுப் பத்து டாலர், கட்டணம் மட்டும்தான்.
பின்னே எதற்குப் புகார்?

கோரின் ஷீடா, கோதுமை லாரி ஓட்டுபவள்,
தொப்பியை மடியில் சுழற்றியபடி சொன்னாள்:
முதலில் டிஷ்யூ பெட்டி என் பக்கம் இருந்தது.
மகன் செத்ததைப் பாதிதான் சொல்லியிருந்தேன்.
ஒருநாள் இவர் தன் மனைவி விட்டுப்போனதைச் சொன்னார்.
ஆறுதல் சொன்னேன், நானும் மனுஷிதானே.
அடுத்த வாரமும் அதையே சொன்னார்.
அக்டோபரில் பெட்டி அவர் பக்கம் இருந்தது.
ரசீது மட்டும் என் பெயருக்கே வந்தது.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
முத்தம் இருந்தது, பரிசு இருந்தது,
கூட்டு வியாபாரம்கூட இருந்தது.
ஆலோசகரின் அழுகை எந்த உட்பிரிவு?
தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
முதலிலிருந்து படித்தாள்.

உண்மைதான், என்று எழுந்தார் ஓப்டால்.
மேலே பேச வராமல் உடைந்தார்.

மேசையில் ஒரு பெட்டி, அரசாங்கச் சரக்கு, முரட்டுத் தாள்.
கோரினின் கை பழக்கத்தில்
அதை அவரிடம் தள்ளப் போய்
பாதியில் நின்றது.
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இதற்கு என் இயந்திரத்தில் விசை கிடையாது.
'சாட்சி மௌனம்' என்று அடித்தேன்.

பிறகு அவள் மகனின் பெயரைச் சொன்னாள்.
குறுக்கிட எனக்கு அனுமதி உள்ள ஒரே காரணத்துக்காகக் குறுக்கிட்டேன்:
எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், அம்மா.
மெதுவாக.