கடிதம் 417

நாலாம் மாடி. ஒல்ட்டன் நிலையத்துத் தண்டவாளங்கள்
ஆற்றுப் புகாருக்குள் போனபின்
எங்கே பிரிகின்றன என்று இங்கிருந்து தெரியாது.
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
இமைத்துக்கொண்டு நிற்கிறது,
சொல்லு, சொல்லு என்று.

இந்தக் கிராங்கன்காசாவில்
முப்பத்தாறு கடிதங்கள் தமிழிலும் உண்டு.
யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்துக்
காசு வாங்கிப் போயிருக்கிறார்.
பொத்தான்கள், வண்ணப் பெட்டிகள் எல்லாம்
ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும்.
தமிழைத் திருத்த
இந்தக் கறுப்பு யன்னலுக்குள்தான் இறங்கவேண்டும்.
கட்டளையைத் தட்டிவிட்டு
மூச்சைப் பிடிக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆர்பூர்க்கிலிருந்து தொலைபேசி.
ஞானேஸ்வரி குலவீரசிங்கம்.
"பிள்ளை, மனுசன் குசினிக்குள்ள இருந்து
பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருக்கிறார்.
நீங்கள் அவரைத் தவறியவர் எண்டு எழுதி
கீழ நாப்பது பிராங் தண்டமும்
போட்டிருக்கிறியள்."

எடுத்துப் பார்த்தேன். 417, மூன்றாம் வரி.
'தவணை' தாளின் ஓரத்தில் முடிந்துவிட்டது.
அடுத்த வரி தானாகத் தொடங்கியிருந்தது:
தவறியவர்: திரு குலவீரசிங்கம்.

ரெகுலாவுக்கு விளக்கினேன்.
எங்களிடம் பஸ்ஸும் தவறும், தவணையும் தவறும்,
ஆளும் தவறிப்போவார்.
எல்லாவற்றுக்கும் ஒரே வினை.
கோப்பியைக் கலக்கியபடி, சிக்கனமான மொழி, என்றாள்.
மாத்திவிடு. எத்தனை இடம்?

கருவியை எண்ணச் சொன்னேன்.
அவசரத்தில்
'தவற' என்று மட்டும் கொடுத்துவிட்டேன்.
பத்தொன்பது என்றது.
எடுத்துவிட்டு 'செலுத்தாத' என்று வை.
நல்லகாலம், முதலில் ஒத்திகை:
எழுதாதே, காட்டு.

காட்டியது.
வெட்டிய இடத்தில் மேல்விலங்கு சாகாமல் நின்று
புதுச்சொல்லின் கடைசி எழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது:
செலுத்தாதியவர்.
இன்னோரிடத்தில் அறுந்த கால் ஒன்று:
மாதந்தோறும் செலுத்தாதாமல் செலுத்துங்கள்.
கடைசிக் கடிதத்தின் அடியில்:
செலுத்தாது எங்களுடையதாயின் மன்னிக்கவும்.

சிரித்தேன். பிறகு
திரைக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன்.
ஒருவரும் இல்லை. இருந்தாலும் வாசிக்கத் தெரியாது.

திரும்ப.
'தவறியவர', புள்ளியில்லாமல்;
உருபு ஏறியவையும் அகப்படட்டும்.
இனி, செலுத்த வேண்டியவர்.
ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கேட்டு மாற்று.
யொட் என்றால் ஆம். என் என்றால் இல்லை.

யொட்.
யொட்.
யொட்.
விரல் பழகிவிட்டது,
கேள்வி வருமுன்னே இறங்குகிறது.
எட்டாவதில் எப்படியோ நின்றது.

கடிதம் 502.
*தவறியவரின் குடும்பத்தாருக்கு,
எங்கள் அனுதாபங்கள்.
மிகுதிப் பணத்தைத் திருப்பி அனுப்ப
வங்கிக் கணக்கு இலக்கத்தை
முப்பது நாட்களுக்குள் அறியத்தரவும்.*

மாற்றவா? என்று நிற்கிறது கருவி,
முன்னே ஏழு தடவை கேட்ட அதே குரலில்.
அரை நொடி பிந்தியிருந்தால்
எங்கோ ஒரு வீட்டில்
படத்துக்குப் போட்ட மாலை காயமுன்
'செலுத்த வேண்டியவரின் குடும்பத்தார்'
உறையைக் கிழித்திருப்பார்கள்.

காலமானவர் என்று போடலாமா?
அமரர்?
வடிவாகத்தான் இருக்கும்.
ஆனால் 502 பற்றி
இதுவரை ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை.

என்.

மிச்ச இரண்டுக்கும் யொட்.
மாற்றியவை ஒன்பது, விட்டது ஒன்று.
காரணம் எழுது என்று கேட்டது.
'வரி உடைந்த இடத்தில் ஓர் ஆள் இறந்துவிட்டார்'
என்று எழுதி, அழித்து,
'சொல் திருத்தம்' என்று போட்டேன்.

வியாழக்கிழமை ஆர்பூர்க்குக்குப் புதுக் கடிதம் போகிறது.
செலுத்த வேண்டியவர்: திரு குலவீரசிங்கம்.
உயிரோடு இருக்கிறார், எனவே
நாற்பது பிராங் அப்படியே இருக்கிறது.
அது வேறு அட்டவணை.
அங்கே வாசிக்கத்தான் எனக்கு அனுமதி.