நூற்று ஏழு

மொட்டை மாடியில் கட்டிவிட்டு வந்தது நான்தான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
காலையில் நிழல் இருந்த இடம் அது.
பதினொன்றரைக்கு நிழல் எழுந்து போய்விடும் என்று
வேலூர்க் கத்திரியில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?
தெரியும்.
கீழே ரூம் காலி பண்ணுகிற நேரம்,
ஏழு பேர் சாவியோடு நின்றார்கள்.

டோக்கன் என்று பெயர்.
ஆஸ்பத்திரி வரிசையில், செருப்புகளுக்கு நடுவே
எந்த நம்பரும் இல்லாமல் படுத்திருந்த குட்டி.

இரண்டு மணிக்கு மேலே போனேன்.
தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து காய்ந்து கிடந்தது.
ரம்பம் அறுக்கிற மூச்சு.
நாக்கு செங்கல் நிறம்.
கூப்பிட்டேன்.
கண் என் பக்கம் திரும்பியது,
என்னைப் பார்க்கவில்லை.

பதினாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு
மூன்று மாடி இறங்கியது நினைவில்லை.
லாட்ஜ் நடையில் கிடத்திய பிறகுதான்
என் முழங்கால் நடுங்கியது.

கால்நடை கம்பவுண்டர் ஏகாம்பரம்
போனில் சோறு மென்றபடியே சொன்னார்:
"தண்ணி ஊத்து. சின்டெக்ஸ் தண்ணி இல்லம்மா,
அது இந்நேரம் கொதிக்கும். குடத்துத் தண்ணி.
வயிறு, தொடையிடுக்கு, பாதம்.
ஈரத் துணியைச் சுத்திடாதே, சூடு அடைச்சிக்கும்.
ஃபேனை மூஞ்சிக்கு நேரா திருப்பு.
வாயில ஊத்தாதே, புரையேறும்.
தானா நக்கினா நக்கட்டும்."

அதற்குள் ஜூஸ் கடைப் பையன்
கை நிறைய ஐஸ் அள்ளி வந்திருந்தான்.
"ஐஸ் வேணாம்னு சொல்லு," என்றார்
அவர் பார்த்த மாதிரி.
பையன் ஒரு கணம் நின்றான்,
பிறகு ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு
குடம் பிடிக்க வந்தான்.

"தெர்மாமீட்டர் இருக்கா?"

இல்லை.
நாடே ஜுரத்தோடு வந்து இறங்குகிற ஊரில்
என் மேஜை டிராயரில் சாவிகள் மட்டும்தான்.

பதினான்காம் அறை ஷிப்ரா
படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆசன்சோலிலிருந்து வந்து நாற்பது நாள்.
என் தமிழ் அவளுக்குத் தெரியாது.
மேலே ஓடினாள், ஓடி வந்தாள்,
புருஷனின் தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்தாள்.
அது எங்கே போகப்போகிறது என்று
சைகையில் காட்ட எனக்குக் கூச்சம்.
அவளே வாலைத் தூக்கினாள்.

நூற்று ஏழு.
எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே மொழி
அந்தச் சின்னக் கண்ணாடியில் மின்னியது.

குடம். குடம். இன்னொரு குடம்.
நூற்று ஐந்து.

வெளியே இரண்டு ஆட்டோ நாயைப் பார்த்ததும்
வேகம் கூட்டிப் போயின.
மூன்றாவது முக்தியார்.
"இன்னாமா இது," என்று இறங்கி வந்தவர்
பதில் கேட்காமல்
பின் சீட்டு மேட்டை உருவி எடுத்தார்.
இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டினார்.
அகழி ஓரமாய் ஓட்டும்போது
காற்று அடுப்பு வாசல் மாதிரி வீசியது,
ஆனாலும் ஈரத்தின் மேல் அது காற்று.
ஷிப்ரா பாட்டிலில் இருந்து
பாதங்களுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாய்.

நூற்று மூன்றில் ஏகாம்பரம் சொன்னபடி நிறுத்தினோம்.
அதற்கு மேல் குளிர்த்தினால்
இறங்குகிற சூடு நிற்காமல் இறங்கிவிடுமாம்.
டாக்டர் ஊசி வழியே டிரிப்ஸ் ஏற்றினார்,
ரத்தம் எடுத்தார்,
"எழுந்து நடந்தாலும் நம்பாதீங்க,
மூத்திரம் கறுத்தா உடனே வாங்க,
மூணு நாள்," என்றார்.

முக்தியார் போகிற கூலி மட்டும் வாங்கினார்.
திரும்புகிற கூலியைப் பற்றி நான் பேச,
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

வழியில் புதுத் தெர்மாமீட்டர் வாங்கிக்
கவரோடு ஷிப்ராவிடம் கொடுத்தேன்.

ராத்திரி பத்தரைக்கு
டோக்கன் என் காலடியில் நூற்று இரண்டு.
நாய்க்கு அது நல்ல சூடு,
நிம்மதியாய்க் குறட்டை விட்டது.

பதினொன்றுக்குப் பதினான்காம் அறைக் கதவு திறந்தது.
ஷிப்ரா புதுத் தெர்மாமீட்டரை
வெளிச்சத்தில் என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
அதுவும் நூற்று இரண்டு.

குடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
துணியும் எடுத்துக்கொண்டு
மாடி ஏறினேன்.