சுழி

இரண்டாம் இன்டர்னலில் கடைசிக் கேள்வி:
டைவர்ஜென்ஸும் கர்லும் எங்கும் சுழியாகிற
வெக்டர் புலம் ஒன்று வரைக.

மேல்விஷாரம் தஸ்னீம்
அச்சுகள் இரண்டு போட்டு விட்டுவிட்டாள்.
அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.
ஓரத்தில் பென்சிலில்: பாலாறு, மேடம்.

தப்பில்லை. சுழி வெக்டர்
எந்த வெளியிலும் இருக்கும்.
'அற்பத் தீர்வு' என்றெழுதப் போன சிவப்புப் பேனா
முதல் சொல்லோடு நின்றது.
அதையும் அடித்துவிட்டு
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

காட்பாடி பஸ் பாலத்தில் ஊர்கிறது.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
தன்மேலேயே திரும்பி வரும் லாரித் தடம்.

சுழி என்றால் நீர்ச்சுழல்தானே முதலில்.
போன கார்த்திகையில்
நாலே நாள் தண்ணீர் வந்தபோது
மூன்றாம் தூணருகே ஒன்று சுற்றியது.
ஜன்னல் வழியே செல்போனில் எடுத்தேன்.
திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும்.

படம் கொஞ்சம் கலங்கல்.