அரை கிராம் மாடு

உலோகம் ஏதும் இருந்தால் கழற்றிவிடுங்கள் என்றேன்.
மூக்குக் கண்ணாடி, கம்பி வைத்த கட்டுப்பல்,
பிறகு இடுப்புக்குப் பின்னால் செருகியிருந்த கத்தி,
உறையோடு எடுத்து மேசைமேல் வைத்தார்
எவரிஸ்தோ பினேய்ரோ.
தாடையைப் படமெடுக்கக் கத்தி தடையில்லை, தோன் எவரிஸ்தோ.
இருக்கட்டும், என்றார்.
அடுத்தவர் வீட்டில் சொன்னபடி கேட்க வேண்டும்.

தக்குவரெம்போவில் அன்று தெற்குக் காற்று.
கிளினிக்கின் கண்ணாடிக் கதவு
ஆள் வராமலே திறந்து திறந்து மூடியது.
மாத்தே கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசியில் என்னிடம் நீட்டினார்.
ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத்தான் வைத்தேன்.
நீட்டிய மாத்தேயை மறுப்பது இந்த ஊரில் வழக்கமில்லை.

முகவாயைத் தாங்கியில் வையுங்கள்.
இந்தத் துண்டை முன்பல்லால் கடியுங்கள்.
எச்சில் விழுங்காதீர்கள். நாக்கு அசையக் கூடாது.
பதினான்கு நொடி.

ஈயச் சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.
கருவி அவர் தலையைச் சுற்றத் தொடங்கியது,
தொழுவத்துக்குள் வந்த புது ஆளைச்
சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும் பசுவைப்போல.

ஒன்பதாம் நொடியில் சிரித்துவிட்டார்.

திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரண்டு தாடைகள்.
இன்னொரு முறை கதிர் படவேண்டுமே என்று எனக்குக் கோபம்.
என்ன சிரிப்பு?
முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு, என்றார்.
ஒரு கிடாரிக்கு முதல் ஈற்று. கன்றை இழுக்கக் குனிந்தேன்.
ஒரே உதை, மூன்று கடைவாய்ப்பல்.
இன்று என்னைத் தலையை அசைக்காமல் நிறுத்தியிருக்கிறீர்கள்.
அவள் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை இமைகூட அசையவில்லை.

நான் நாள் முழுக்கப் பார்ப்பது சாம்பல் நிறம்தான்.
வெளிறியது எலும்பு. கறுத்தது காற்று.
நடுவே ஓடும் நரம்பின் வழியைச்
சுட்டியால் சிவப்புப் புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன்.
அதற்கு மேலே உயரம் பதினொன்று. குறையில்லை.
அகலம் மூன்று மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தேன். இரண்டு புள்ளி எட்டு.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பின்னாலேயே எலும்பும் போகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.
கடிக்க ஆளில்லாத இடத்தை
உடம்பு சும்மா வைத்திருப்பதில்லை.
ரயில் நின்றுபோன பிறகு எங்கள் நிலையத்தில்
கட்டை கட்டையாகப் பெயர்த்துப் போய்
ஆளுக்கொரு வேலி போட்டார்கள். அதுமாதிரி.

டாக்டர் எச்செவெர்ரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
திருகு இறங்கினால் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும்,
முதலில் எலும்பு வைத்து அகலமாக்க வேண்டும், என்று
கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார்.
உள்ளே கல்லுப்பைப்போலத் துகள்.
மாட்டெலும்பு. சுட்டுச் சுத்தமாக்கியது. அரை கிராம்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார் எவரிஸ்தோ.
என்ன இனம்?
டாக்டர் பெட்டியைப் புரட்டினார்.
தொகுதி எண் இருந்தது, காலாவதி தேதி இருந்தது.
ஹெரெஃபோர்டாக இருந்தால் சரி, என்றார்.
விலை கேட்டார்.
இரண்டு கன்றின் பணம்.
அரை கிராமா? இத்தனை காலம் நான்
மாட்டைத் தப்பான எடையில் விற்றிருக்கிறேன்.

என் எலும்பாக எத்தனை நாள் ஆகும்?
ஆறு மாதம், ஒன்பது மாதம், ஆளைப் பொறுத்தது.
ஒன்பது என்றே வையுங்கள், என்றார்.
அவர்களுக்கும் அதுதான் கணக்கு.

முழுக்கக் கரையாது, என்றார் டாக்டர்.
கொஞ்சம் துகள் அப்படியே இருக்கும்,
உங்கள் எலும்பு அதைச் சுற்றி வளரும்.
அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்,
உதை விழுந்த பக்கம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கத்தியை மறந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.
மாத்தே ஆறியிருந்தது.

இரண்டாவது படத்தைக் கோப்பில் சேர்த்தேன்.
கெட்ட படத்தை அன்றே அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, இன்னும் அழிக்கவில்லை.
அதில் நரம்பு தெரியாது, அகலம் எடுக்க முடியாது.
சிரிப்பு மட்டும் இருக்கிறது,
இரண்டு வரிசையாக.