ஒரு மணி நேரத்துக்குள்

கட்டபெட்டிலிருந்து குன்னூருக்கு
ஆறு நாற்பது பஸ்.
லேப்காரப் பெண் போனில் சொன்னது இவ்வளவுதான்:
மூன்று நாள் விலகி இருங்கள்,
எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்,
குளிர விடாதீர்கள்.

குளிர விடக் கூடாதாம்.
ஜனவரி மாதம்.
கொழுந்தெல்லாம் உறைபனியில் கருகிக் கிடக்கிறது.

கக்கூஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன்.
வெளியே ஞானசுந்தரி
வெறும் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்,
எனக்குக் காவலாக.
கட்டி ஒன்பது வருஷம்.
அன்றைக்குத்தான் அவளிடம் முதல்முறை வெட்கப்பட்டேன்.

திருகு மூடி போட்ட சின்ன டப்பா.
மேலே என் பெயர், நேரம்: ஆறு இருபத்தொன்பது.
ஸ்வெட்டருக்குள், சட்டைக்குள், அக்குளில்.
காய்ச்சல் பார்க்கிறவன் மாதிரி
கையை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவளுக்கு எடுத்த சோதனைகள்
ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன.
ஸ்கேன் மட்டும் ஏழு.
கருக்குழாய்க்குள் மருந்தேற்றி எக்ஸ்ரே எடுத்த அன்று
வீடுவரைக்கும் குனிந்தபடியே நடந்தாள்.
இரண்டு பக்கமும் திறந்திருக்கு என்றார்கள்.
முட்டை மாதாமாதம் வருது என்றார்கள்.
அப்புறமும் அவளையேதான் கூட்டிக்கொண்டு அலைந்தோம்.
ஒரே ஒரு முட்டை,
அதுவும் ஒரு நாள்தான் காத்திருக்கும்,
அதற்குள் நான் அனுப்பியதில் ஒன்று போய்ச் சேர வேண்டும்.
புறப்பட்டதா என்று
இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.
மலடன் என்று ஒரு சொல் இருக்கிறது தமிழில்.
எங்கள் லயத்தில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

எடப்பள்ளித் திருப்பத்தில் பஸ் நின்றது.
நடு ரோட்டில் மூன்று காட்டெருமை.
ஹாரன் அடிக்கக் கூடாது.
அது பாட்டுக்கு நிற்கும், அது பாட்டுக்குப் போகும்.
ஏழு நான்கு.
ஏழு ஒன்பது.
என் கை மரத்துவிட்டது.

'குடு' என்றாள்.
சால்வைக்குள் வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
ஜன்னலைப் பார்த்தபடியே,
'இப்படியாவது கொஞ்ச தூரம் சுமக்குறேன்.'
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அவள் சிரித்தாள்.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
கடைசி எருமை நின்று நிதானமாக மூத்திரம் பெய்துவிட்டு
தேயிலைக்குள் இறங்கியது.

பெட்போர்டில் மாடிப்படி ஏறும்போது ஏழு இருபத்தேழு.
லேப்காரப் பெண் டப்பாவைத் தொட்டாள்.
'நல்ல சூடாத்தான் இருக்கு.'
யாருடைய சூடு என்று நான் சொல்லவில்லை.

எண்ணிக்கை குறைவு.
நூறில் பதினொன்றுதான் நகர்கிறது.
டாக்டர் என் வேலையைக் கேட்டார்.
டிரையர், தேயிலை ஃபேக்டரி, பதினாறு வருஷம்.
மலையே நடுங்கும் இராத்திரியில்
அடுப்பு வாய்க்கு நேரே வேர்த்துக்கொண்டு நிற்பவன்.
விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே
உடம்பின் சூடு விதைக்கு ஆகாது என்பதால்தான் என்றார்.
நாற்பது வயதில் தெரிந்துகொண்டேன்.
அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது,
நரம்பு வீங்கியிருக்கிறதா பார்க்கணும்,
பீடியை விட்டுவிடுங்கள்.
புதிதாக ஒன்று விளைந்து வர எழுபது நாளுக்கு மேல் ஆகும்,
அப்புறம் திரும்ப எடுப்போம்.

எழுபது நாள் என்றால் ஐந்து சுற்றுக் கொழுந்து.

இலை வாட்டும் மாடிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.
காரணம்: உடல்நிலை.
உடம்புக்கு என்ன என்றார் கிளார்க்.
சொன்னேன்.
வாசலில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது.
மூன்று பேர் காலண்டரைப் பார்த்தார்கள்.
நாலாமவன், பாய்லர் லிங்கராஜ்,
சாயங்காலம் சரிவில் என் பின்னாலேயே வந்தான்.
வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினான்.
பிறகு கேட்டான்,
அந்த டப்பா எங்கே கிடைக்கும்?